கென்டக்கி மலை, காசிமேடு பூத், அப்புறம் அந்த சிவப்பு மேப்பு

2024 நவம்பர்ல அமெரிக்க எலெக்‌ஷன் ரிசல்ட் வந்த மறுநாள் எங்க தெரு வாட்ஸப் குரூப்ல யாரோ ஒரு மேப்ப ஃபார்வர்ட் பண்ணி விட்டாங்க. நாடு பூரா சிவப்பு, ஓரத்துல மட்டும் அங்கங்க நீலம். அத பாத்துட்டு ஹார்பர்ல வேல செஞ்சு ரிட்டயர் ஆன மாமா ஒருத்தரு, காலம் பூரா செங்கொடி சங்கத்துல இருந்தவரு, "இன்னாப்பா இது, அமெரிக்காவுலயே செங்கொடி ஏறிடுச்சா"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. மாமா, அங்க சிவப்புன்னா ரிபப்ளிகன், ட்ரம்ப் கட்சி, முதலாளி பக்கம் நிக்கிறவங்க, நீலம்னா டெமாக்ரட், ஒபாமா, பைடன் கட்சின்னு எடுத்து சொன்னதும் "அடப்பாவிங்களா, கலர கூட விட்டு வெக்கலயா"ன்னாரு. இதுல காமெடி என்னன்னா அந்தக் கலரு அவங்களுக்கே புதுசு. 2000 வருஷம் புஷ், அல் கோர் எலெக்‌ஷன் இழுத்துக்கிட்டே போச்சுல்ல, அப்ப எல்லா டிவிலயும் வாரக்கணக்கா ஒரே கலர் மேப்பு ஓடி அதுவே நெலச்சுடுச்சு. 1980ல ரீகன் ஜெயிச்சப்ப அவரு ஜெயிச்ச மாநிலங்கள நீலத்துல காட்டின டிவி சேனல் எல்லாம் உண்டு.

எனக்கு ஒரு வியாதி இருக்கு, எலெக்‌ஷன் முடிஞ்சா யாரு ஜெயிச்சான்னு பாத்துட்டு போய் படுக்க மாட்டேன், பூத் வாரியா ஓட்டுக் கணக்கு இருக்குற ஃபாரம் 20 வெளிய வந்ததும் டவுன்லோடு பண்ணி பூத் பூத்தா உக்காந்து பாப்பேன். காசிமேட்டுல இந்த பூத்து ஏன் இப்புடி சாய்ஞ்சுது, அதே ஸ்கூல்ல பக்கத்து ரூம்ல இருக்குற பூத்து ஏன் அந்தப் பக்கம் போச்சு, எந்தத் தெரு எந்த பூத்துல வருது, இதுலாம் ஓட்டர் லிஸ்ட் வெச்சு மேட்ச் பண்ணா ஒரு மாசம் ஓடிடும். அந்த வியாதி முத்திப்போய்தான் அமெரிக்கா கவுண்ட்டி டேட்டாக்குள்ள போய் விழுந்தேன். கவுண்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கலாம், மொத்தம் மூவாயிரத்து நூறுக்கு மேல இருக்கு, ஆனா சைஸ்ல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கெடையாது, அந்த மேப்போட மொத்த பித்தலாட்டமும் அங்கதான் இருக்கு.

டெக்சாஸ்ல கிங் கவுண்ட்டின்னு ஒண்ணு, 2020 சென்சஸ்ல 265 பேரு. அந்த வருஷம் ட்ரம்புக்கு 151 ஓட்டு, பைடனுக்கு 8. அவ்ளோதான் கவுண்ட்டி. நம்ம பக்கம் ஒரே ஒரு பூத்துல ஆயிரம் பேரு லைன்ல நிப்பான், அதுல பாதி கூட தேறாது அந்த ஊரு. அதே டெக்சாஸ்ல ராபர்ட்ஸ் கவுண்ட்டி, ட்ரம்புக்கு 96 சதவீதம், நாட்டுலயே ரொம்ப சிவப்பான எடங்கள்ல ஒண்ணு, அங்கயும் மொத்த ஓட்டு ஐநூத்து சொச்சம்தான். லவிங் கவுண்ட்டின்னு இன்னொண்ணு, ஜனத்தொகை 64. எங்க அபார்ட்மென்ட்ல அத விட ஜாஸ்தி. இந்த ஊருங்க எல்லாம் மேப்புல பெரிய பெரிய சிவப்பு கட்டமா தெரியும், ஒரு கோடிக்கிட்ட ஜனம் இருக்குற லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி ஒரு ஓரத்துல நீலமா இருக்கும். அந்த நீலத்துக்குள்ளயே 2020ல ட்ரம்புக்கு 11 லட்சம் ஓட்டுக்கு மேல விழுந்துச்சு. அவருக்கு சதவீத கணக்குல ரொம்ப ஜாஸ்தியா ஓட்டு போட்ட ரெண்டு மாநிலம் வயோமிங்கும் வெஸ்ட் வர்ஜீனியாவும், அது ரெண்டுலயும் அவரு வாங்கினத கூட்டினாலும் அந்த 11 லட்சம் வராது. அதாவது ட்ரம்ப் ஓட்டர் ஜாஸ்தியா இருக்குற எடம் ஒண்ணு, சிவப்பா தெரியுற எடம் இன்னொண்ணு. மேப்பு போடுறவன் நெலத்துக்கு கலர் அடிக்கிறான், ஓட்டு போடுறது ஆளு.

அந்த கிங் கவுண்ட்டி எட்டு பேர நெனச்சா எனக்கு பாவமா இருக்கும். 265 பேரு ஊருல அந்த எட்டு பேரு யாருன்னு மளிகைக்கடைக்காரனுக்கு தெரியாமயா இருக்கும்? இதே பிரச்சனை நமக்கும் உண்டு. வாக்குச்சீட்டு காலத்துல பல பூத்து சீட்ட ஒண்ணா கலந்து எண்ணுற வழி இருந்துச்சு, மெஷின் வந்தப்புறம் பூத் வாரியா நம்பர் பளிச்சுன்னு வந்துடுது. பல மெஷின் கணக்க ஒண்ணா சேத்து காட்டுற டோட்டலைசர்னு ஒரு கருவிய கொண்டு வரலாம்னு எலெக்‌ஷன் கமிஷன் 2008லயே கேட்டுது, சென்ட்ரல் கவர்மென்ட் ஒத்துக்கல. "உங்க தெருவுல எங்களுக்கு எத்தினி விழுந்துச்சுன்னு தெரியும்"னு கவுன்சிலர் ஆளு வந்து நின்னு பேசுறத கேட்டவனுக்கு இதோட அருமை புரியும். (அந்த டேட்டாவ வெச்சுத்தான் நான் பொழுது போக்குறேன்றதும் உண்மைதான், என்ன பண்றது.)

சரி, மேட்டருக்கு வர்றேன். இந்த பழமைவாத கவுண்ட்டிங்க எல்லாம் ஒரே மாதிரி, கையில துப்பாக்கி, தலையில தொப்பி, கழுத்துல சிலுவைன்னு நம்மாளுங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க. யூடியூப்ல தமிழ்ல அமெரிக்க அரசியல் பேசுறவங்க கூட அப்புடித்தான் பேசுறாங்க, கேட்டா எரிச்சலா வரும். 90 சதவீதம், 85 சதவீதம்னு ஒரே கலர்ல நிக்கிற ஊருங்கள ஒண்ணொண்ணா தோண்டினா ஒவ்வொண்ணும் வேற வேற வழியில அங்க வந்து சேந்திருக்கு.

எனக்கு இதுல ஒரு வாசல் தொறந்தது ஃபிரண்டோட அக்கா மூலமா. பழைய வண்ணாரப்பேட்ட பொண்ணு, ஸ்டான்லில எம்பிபிஎஸ் முடிச்சுட்டு அமெரிக்கா போயி, இப்ப கிழக்கு கென்டக்கி மலைக்குள்ள ஒரு சின்ன ஊருல டாக்டரா இருக்காங்க. ஊரு பேர போடாதடான்னு சொல்லிட்டாங்க, போடல. அவங்க அங்க போனதே ஆசப்பட்டு இல்ல. ஜே-1 விசாவுல ட்ரெய்னிங் முடிச்ச வெளிநாட்டு டாக்டரு ஊருக்கு திரும்பி ரெண்டு வருஷம் இருக்கணும், இல்லாட்டி டாக்டரே கெடைக்காத எடத்துல மூணு வருஷம் வேல செய்யணும், 1994லேந்து இப்புடி ஒரு சட்டம், மாநிலத்துக்கு வருஷம் 30 பேரு. டாக்டர் கெடைக்காத எடம் எல்லாம் பெரும்பாலும் இந்த சிவப்பு கவுண்ட்டிங்கதான். அதனால வந்தேறிங்க வேணாம்னு ஓட்டு போடுற ஊருங்கள்ல பிபி பாக்குறது, நெஞ்சுவலி பாக்குறது எல்லாம் நம்ம ஸ்டான்லி, மதுரை, ஹைதராபாத் ஆளுங்களா இருக்காங்க. அக்கா மூணு வருஷம் முடிச்சும் அங்கயே இருந்துட்டாங்க. கிரீன் கார்டு க்யூவுல நிக்கிறாங்க, இந்தியாவுல பொறந்தவங்களுக்கு அந்த க்யூ எப்ப நகரும்னு பிரம்மாவுக்கே தெரியாது, ஸோ ஓட்டு கெடையாது. ஓட்டு இல்லாம ஊர பாக்குறதால நல்லா பாக்குறாங்கன்னு எனக்கு தோணும்.

அவங்க கிட்ட ஒரு நாளு வீடியோ கால்ல எலியட் கவுண்ட்டி, ஜாக்சன் கவுண்ட்டி ரெண்டயும் பத்தி கேட்டேன். "டேய், நான் இங்க இருக்கேன், எனக்கே அது எங்க இருக்குன்னு மேப்ப பாத்தாதான் தெரியும், உனக்கு எப்புட்ரா"ன்னு சிரிச்சாங்க. ரெண்டும் கிழக்கு கென்டக்கி, ரெண்டும் மலைக்காடு, ரெண்டுலயும் கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளக்காரங்க, ரெண்டும் ஏழை ஊரு. ஜாக்சன் கவுண்ட்டி சிவில் வார், அதாவது அடிமை முறைக்காக தெக்கு மாநிலங்க பிரிஞ்சு போய் நடந்த உள்நாட்டுச் சண்ட, அந்தக் காலத்துலேந்து ரிபப்ளிகன், ஏன்னா அப்ப அவங்க ரிபப்ளிகனான லிங்கன் பக்கம், நாடு பிரியக்கூடாதுன்ற யூனியன் பக்கம் நின்னவங்க, அந்த விசுவாசம் நூத்தம்பது வருஷமா மாறல. எலியட் கவுண்ட்டி 1869ல உருவாச்சு, அப்போலேந்து 2012 வரைக்கும் ஒரு பிரசிடென்ட் எலெக்‌ஷன் விடாம டெமாக்ரட். 2008ல ஒபாமாவுக்கு 60 சதவீதத்துக்கு மேல அங்க, சுத்துப்பட்டுல வெள்ளக்கார ஊரு பல எடத்துல அவருக்கு டெபாசிட் போற கதையா இருந்தப்ப. 2012ல கொஞ்சத்துல தப்பிச்சாரு. 2016ல ட்ரம்புக்கு 70 சதவீதம். ஒரே எலெக்‌ஷன்ல கவுந்துச்சு. இன்னிக்கி மேப்புல ரெண்டும் ஒரே சிவப்பு. ஒண்ணு கொள்ளுத்தாத்தா காலத்து சிவப்பு, இன்னொண்ணு நேத்து அடிச்ச பெயின்ட்டு.

இந்த கொள்ளுத்தாத்தா சிவப்பு கென்டக்கியோட நிக்கல. டென்னசி மாநிலத்துல கிழக்குப் பக்க மலை ஊருங்க, அலபாமாவுல வின்ஸ்டன் கவுண்ட்டி, எல்லாம் இதே ரகம். மலையில பருத்தி வெளயாது, பருத்தி இல்லன்னா அடிமை இல்ல, அடிமை வெச்சிருந்த பண்ணையாருக்காக நாங்க ஏன்யா சாகணும்னு 1861லயே முறுக்கிக்கிட்டு நின்னவங்க. வின்ஸ்டனுக்கு இன்னிக்கும் ஃப்ரீ ஸ்டேட் ஆஃப் வின்ஸ்டன்னு பட்டப்பேரு. அந்த ஊருல இப்ப ட்ரம்புக்கு 90 சதவீதம். அடிமை முறைய காப்பாத்த பிரிஞ்சு போனவங்களோட கொடிய இன்னிக்கி தூக்கிட்டு அலையுறவன் பாதி பேரு இதே கட்சிக்கு ஓட்டு போடுறான்றது தனி கூத்து.

அதே அலபாமாவுல தெக்கால எறங்கினா இன்னொரு அதிசயம். மேப்புல சிவப்புக்கு நடுவுல பெல்ட் கட்டின மாதிரி ஒரு நீல வளைவு போகும், அலபாமாவுல மட்டும் இல்ல, இந்தப்பக்கம் மிசிசிப்பி அந்தப்பக்கம் ஜார்ஜியான்னு நீண்டு போகும். பல கோடி வருஷத்துக்கு முந்தி, டைனோசர் காலத்துல, கடற்கரை அங்கதான் இருந்துச்சு. அந்தக் கடல்ல செத்த நுண்ணுயிர்ங்க படிஞ்சு சுண்ணாம்புப் பாறையாகி, அது மேல நல்ல கரிசல் மண்ணு உருவாச்சு. மண்ணு நல்லா இருந்ததால பருத்தி, பருத்தியால பெரிய பெரிய பண்ணை, பண்ணைக்கு அடிமைங்க, அந்த அடிமைங்களோட வாரிசுங்க இன்னிக்கும் அந்த கவுண்ட்டிங்கள்ல பெரும்பான்மை, அவங்க ஓட்டு டெமாக்ரட். மேக்கன் கவுண்ட்டில பைடனுக்கு 80 சதவீதத்துக்கு மேல. கடல் போன தடம் ஓட்டுப்பெட்டி வரைக்கும் வந்து நிக்குது. இத மொத தடவ படிச்சன்னிக்கி நைட்டு தூக்கமே வரல எனக்கு, திருவொற்றியூர்லேந்து எண்ணூர் வரைக்கும் நம்ம கரையில எந்த குப்பம் கடல் அரிப்புல எங்க நகந்துச்சு, அந்த ஜனம் இப்ப எந்த பூத்துல ஓட்டு போடுதுன்னு யாராச்சும் ஒக்காந்து பாத்தா என்னலாம் கெடைக்கும்னு யோசன ஓடிக்கிட்டே இருந்துச்சு.

சர்ச்சு சிவப்பு வேற ஜாதி. ஐடஹோவுல மேடிசன் கவுண்ட்டி, மார்மன்ன்ற தனி சர்ச்சுக்காரங்க ஊரு, உள்ளாரயே ஒரு பெரிய காலேஜ் இருக்கு. காலேஜ் ஊருன்னா நீலம்னு ஒரு பொது விதி, அது இங்க வேலைக்கே ஆகல, 2004ல புஷ்ஷுக்கு 90 சதவீதத்துக்கு மேல. ஆனா 2016ல ட்ரம்ப்போட நடத்தை அவங்களுக்கு புடிக்கல, அவங்க மதத்துக்காரரே எவான் மக்மல்லின்னு ஒருத்தரு சுயேச்சையா நின்னாரு, அவருக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் போச்சு. அடுத்த எலெக்‌ஷன்ல திரும்பி வந்துட்டாங்க. அயோவாவுல சூ கவுண்ட்டி, டச்சுக்காரங்க வழி வந்த கறாரான கிறிஸ்தவங்க, 2016 உள்கட்சி தேர்தல்ல ட்ரம்ப ஒதுக்கிட்டு டெட் க்ரூஸ ஜெயிக்க வெச்சாங்க, நவம்பர்ல அதே ட்ரம்புக்கு 80 சதவீதம் போட்டாங்க. வேட்பாளர் புடிக்கலன்னா மூஞ்ச தூக்குவாங்க, கட்சிய விட்டு வெளிய மட்டும் போக மாட்டாங்க. இதுக்கு மேல சர்ச்சு பத்தி எனக்கு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

எனக்கு மனசு போறது சுரங்க ஊருங்க மேலதான். வெஸ்ட் வர்ஜீனியாவுல லோகன் கவுண்ட்டி. 1921 ஆகஸ்ட் கடைசில அங்க பிளேர் மலையில பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளிங்க துப்பாக்கியோட கெளம்பி, சங்கம் வெக்க விடாத கம்பெனி ஆளுங்களோடயும் ஷெரீஃப் படையோடயும் நாள் கணக்கா சண்ட போட்டாங்க, கடைசில ராணுவம் வந்துதான் அடங்குச்சு. அதே 1921ல நம்ம பெரம்பூர்ல என்ன நடந்துச்சு? பின்னி மில் ஸ்ட்ரைக். 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் தாண்டியிருக்கும், மாசக்கணக்கா ஸ்ட்ரைக்கு, புளியந்தோப்பு கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, தொழிலாளிங்க ஜாதி ரீதியா ஒடஞ்சு ரெண்டா போனது, எல்லாம். அங்க மலையில குண்டு பறந்துக்கிட்டு இருந்தப்ப இங்க ஸ்ட்ரைக் இன்னும் முடியல. ஸ்கூல்ல ரெண்டுத்தையும் சொல்லித்தரல.

அந்த லோகன் கவுண்ட்டி அப்புறம் பல வருஷம் டெமாக்ரட் கோட்டை. 1996ல கிளின்டனுக்கு 70 சதவீதத்துக்கு மேல. 2016ல ட்ரம்புக்கு 80 சதவீதம் கிட்ட. இருபது வருஷத்துல தலைகீழ். ஒபாமா நிலக்கரிய ஒழிக்கப் பாத்தாரு, ஹிலாரி கிளின்டன் சுரங்கத்த மூடுவோம்னு வாய விட்டாங்க, அதனாலன்னு சொல்லுவாங்க. அது இல்லன்னு சொல்லல. ஆனா வேல போனது அதுக்கு ரொம்ப முந்தி. 1920கள்ல அமெரிக்கா பூரா எட்டு லட்சம் பேருக்கு மேல நிலக்கரி சுரங்கத்துல இருந்தாங்க, இப்ப அரை லட்சம் கூட இல்ல, பாதிக்கு மேல மெஷின் வந்தப்பவே போச்சு. வேலையோட சேந்து சங்கமும் போச்சு. கென்டக்கில 2014 வருஷக் கடைசில ஒரு சுரங்கம் மூடினதோட, யூனியன் ஆளு வேல செய்யுற நிலக்கரி சுரங்கம் மாநிலத்துலயே இல்லாம போச்சு. 1930கள்ல ஹார்லன் கவுண்ட்டில ரத்தம் சிந்தி சங்கம் வெச்ச மாநிலம் அது.

என் கணிப்பு இதுதான், யாரும் ஒத்துக்கணும்னு இல்ல. ஒரு கோட்டை எதால நிக்குதுன்னா கொள்கையால இல்ல, வீட்டுக்கு வந்து போற ஆளால. சங்கம் இருந்தப்ப சங்கத்து ஆளுதான் ஆஸ்பத்திரி கார்டு வாங்கிக் குடுத்தான், சாவு வீட்டுல வந்து நின்னான், எலெக்‌ஷன் அன்னிக்கி "இவங்களுக்கு போடுங்க"ன்னான். அவன் போனப்புறம் அந்த எடத்துல யாரு இருக்கா? பாஸ்டர் இருக்காரு, ரேடியோ இருக்கு, டிவி இருக்கு. ஓட்டு அங்க போச்சு. நம்ம ஏரியாவுலயும் மில்லு மூடி, ஃபவுண்டரி மூடி, சங்க ஆபீஸ் பூட்டினப்புறம் அந்தத் திண்ணைய யாரு புடிச்சாங்கன்னு வயசானவங்கள கேட்டா பேரோட சொல்லுவாங்க, நான் இங்க எழுதினா அடி வுழும்.

அக்கா சொன்ன ஒரு பேஷன்ட் கதை. அறுபது வயசு தாண்டின சுரங்கக்காரரு, பிளாக் லங், நிலக்கரி தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற நோய். 90கள்ல கிட்டத்தட்ட ஒழிஞ்சுடுச்சுன்னு நெனச்ச வியாதி திரும்ப வந்திருக்கு, ஏன்னா நல்ல நிலக்கரி அடுக்கு தீந்து போய் இப்ப பாறையையும் சேத்து அறுக்குறாங்க, அந்த பாறைத்தூசி நிலக்கரித்தூசிய விட மோசம். எக்ஸ்ரேல மேல ரெண்டு பக்கமும் வெள்ளையா கட்டி கட்டியா நிக்குமாம். மாடிப்படி ஏற மாட்டாரு, ஆக்சிஜன் டப்பாவ இழுத்துக்கிட்டு வருவாரு, தலையில ட்ரம்ப் ஆளுங்க போடுற சிவப்புத் தொப்பி. வரும்போதெல்லாம் தோட்டத்துத் தக்காளி, ஒரு தடவ மான்கறி. மெடிக்கெய்டு, அதாவது ஏழைங்களுக்கான அரசு இன்சூரன்ஸ், அதுலதான் பொண்டாட்டிக்கு வைத்தியம். அத அந்த மாநிலத்துல 2014ல விரிவாக்கினது டெமாக்ரட் கவர்னர் ஸ்டீவ் பெஷியர் (அங்க கவர்னர்னா ஜனம் ஓட்டு போட்டு வர்றவரு, நம்ம முதலமைச்சர் மாதிரி). அடுத்த வருஷமே அத வெட்டுவேன்னு சொன்ன மேட் பெவின கவர்னரா ஜெயிக்க வெச்சுது கென்டக்கி. அக்கா பொறுக்க மாட்டாம அவர கேட்டுருக்காங்க, உங்க வீட்டுக்கே அதுலதான மருந்து வருதுன்னு. "எனக்கு வர்றது நான் ஒழச்சு வியாதி வாங்கினதுக்கு டாக்டர், எதிர் வீட்டுக்காரன் சும்மா ஒக்காந்து வாங்குறான், அதத்தான் நிறுத்தணும்"னாராம்.

இத அக்கா சொல்லும்போது நான் சிரிச்சுட்டேன். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வந்தப்ப எங்க தெருவுல கேட்ட டயலாக் இதுதான், "எனக்கு வந்தது நியாயம், அவளுக்கு எப்புடி வந்துச்சு, மாடி வீடு, வாடகை வேற வருது". கவர்மென்ட் காசு குடுத்தா நன்றிக்கடனா ஓட்டு விழும்னு கணக்கு போடுறவங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் குடுத்தா எவ்ளோ வயித்தெரிச்சல் ஆவும்ன்ற கணக்க போடுறதில்ல.

நடுவுல ஒரு தண்ணி மேட்டரு. அங்க பல கவுண்ட்டில சாராயக்கடை இருக்கலாமா வேணாமான்னு ஜனமே ஓட்டு போட்டு முடிவு பண்ணுது. வேணாம்னா அந்த கவுண்ட்டி டிரை, வாங்கணும்னா பார்டர் தாண்டி பக்கத்து கவுண்ட்டிக்கு வண்டி ஓட்டணும். டென்னசில மூர் கவுண்ட்டின்னு ஒண்ணு, ஜாக் டேனியல்ஸ் விஸ்கி காய்ச்சுற ஊரே அதுதான், அந்த கவுண்ட்டியே டிரை! எங்க தெரு முக்குல இருக்குற டாஸ்மாக்குக்கு இப்புடி ஒரு ஓட்டு வெச்சா ஆம்பள ஓட்டு ஒரு பக்கம் பொம்பள ஓட்டு ஒரு பக்கம்னு வீட்டுக்கு வீடு சண்ட நடக்கும். அந்த பூத் டேட்டாவ பாக்குறதுக்கு நான் காசு கூட குடுப்பேன்.

சரி, கோட்டைன்னா ஒடையவே ஒடையாதா? ஒடையும், ஆளப் பொறுத்து. ஸ்டீவ் பெஷியரோட பையன் ஆன்டி பெஷியர், 2019ல அதே மேட் பெவின தோக்கடிச்சு கவர்னர் ஆனாரு. 2022 ஜூலைல கிழக்கு கென்டக்கில பேய் மழை, ராத்திரியோட ராத்திரியா ஆத்துல வெள்ளம் வந்து வீட்டோட அடிச்சுக்கிட்டு போச்சு, நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. ஆன்டி பெஷியர் திரும்பத் திரும்ப வந்து நின்னாரு, வீடு கட்ட மேட்டுல எடம் புடிச்சுக் குடுத்தாரு. 2023 கவர்னர் எலெக்‌ஷன்ல லெட்சர் கவுண்ட்டி, பெர்ரி கவுண்ட்டி, ட்ரம்புக்கு முக்கா பங்குக்கு மேல போடுற ஊருங்க, டெமாக்ரட்டான பெஷியர ஜெயிக்க வெச்சுது. அடுத்த வருஷம் அதே ஜனம் அதே ட்ரம்புக்கு போட்டுச்சு. "வெள்ளத்துல அவரு வந்தாருடா, கை குடுத்துட்டு போவல, ஒக்காந்து பேரக் கேட்டாரு, இதான் இங்க பேசிக்கிறாங்க"ன்னு அக்கா சொன்னாங்க. மிச்சாங் புயலுக்கு எண்ணூர்ல எண்ணெய் படிஞ்ச தண்ணில நின்ன ஜனத்துக்கு இத வெளக்க வேண்டியதில்ல. வடசென்னையே தி.மு.க. கோட்டைன்றோம், கட்சியோட மொத பொதுக்கூட்டமே 1949ல ராயபுரம் ராபின்சன் பார்க்குல மழையில நடந்துச்சுன்றோம், அதே ராயபுரத்துல அ.தி.மு.க. ஜெயக்குமார் 1991லேந்து 2021 வரைக்கும் அஞ்சு தடவ ஜெயிச்சாரு, 96லயும் 2021லயும் மட்டும் தோத்தாரு. பக்கத்துல ஆர்.கே.நகர்ல 2017 இடைத்தேர்தல்ல ரெண்டு பெரிய கட்சியும் பாத்துக்கிட்டே இருக்க குக்கர் சின்னத்துல தினகரன் அள்ளிக்கிட்டு போனாரு. (அது ஆளுக்கு விழுந்ததா வேற எதுக்கு விழுந்ததான்னு கமென்ட்ல சண்ட போடாதீங்க, எனக்கும் கண்ணு இருக்கு.)

இன்னொரு பக்கம், சிவப்பாவே இல்லாத எடம் சிவப்பாவறதும் நடக்குது. டெக்சாஸ்ல மெக்சிகோ பார்டரை ஒட்டி ஸ்டார் கவுண்ட்டி, கிட்டத்தட்ட எல்லாரும் ஸ்பானிஷ் பேசுற மெக்சிகன் வம்சாவளி. 2016ல ஹிலாரிக்கு 79 சதவீதம். 2020ல பைடன் அஞ்சு பாயின்ட்ல தப்பிச்சாரு. 2024ல ட்ரம்பு ஜெயிச்சுட்டாரு, 1892க்கு அப்புறம் அங்க ஜெயிச்ச மொத ரிபப்ளிகன். சுவர் கட்டுவேன்னு சொன்ன ஆளுக்கு சுவர் பக்கத்துல இருக்குறவனே போட்டான்னு இங்க எல்லாரும் தலைய சொறிஞ்சாங்க. அங்க பார்டர் போலீஸ் வேலதான் நல்ல சம்பளம், எண்ணெய்க் கெணறுல வேல, வெலவாசி வேற. தவிர அவங்க பல தலைமொறையா அங்கயே பொறந்து வளந்தவங்க, நேத்து ஆத்த தாண்டி வந்தவனும் நானும் ஒண்ணான்னு கேக்குறாங்க. நியாயமா இல்லையான்றது வேற, இந்தக் கேள்விய பேசின் பிரிட்ஜ் பக்கமோ மணலி பக்கமோ வடநாட்டு பசங்க தங்குற ரூமுக்கு எதுத்த டீக்கடையில நின்னா தமிழ்லயே கேக்கலாம்.

இப்ப என் கண்ணு லெட்சர் கவுண்ட்டி மேல. ஆன்டி பெஷியர் ரெண்டு தடவ தொடர்ந்து கவர்னரா இருந்துட்டதால 2027ல திரும்ப நிக்க முடியாது, சட்டம் அப்புடி. அப்ப அவரு வாங்கின ஓட்டு கட்சிக்கு தங்குமா, இல்ல அவரோட சேந்து போயிடுமான்னு தெரிஞ்சுடும். அக்கா சொல்றாங்க ஒரு ஓட்டு கூட தங்காதாம், அந்த சிவப்புத் தொப்பிக்காரரே போன தடவ பெஷியருக்கு போட்டேன்னாராம், ஆனா அவரு பையனோ தம்பியோ நின்னா மட்டும் யோசிப்பேன், கட்சிக்காரன் எவன் நின்னாலும் வாசப்படி ஏறாதன்னுடுவேன்னாராம். நான் ஒரு பத்து சதவீதமாச்சும் ஒட்டிக்கும்னு சொல்லிருக்கேன். தோத்தா அக்கா ஊருக்கு வர்றப்ப ஒரு வாரம் காசிமேடு வஞ்சிரம் என் செலவு, ஜெயிச்சா அவங்க செலவு, ஆனா காலையில நாலு மணிக்கு ஏலத்துக்கு போறது ரெண்டு கேஸ்லயும் நான்தானாம்.